கோட்டில் விழுந்த பந்து

பாலக்கோட்டு மைதானத்தில் அந்தக் காலத்தில் கோல் கம்பத்துக்கு மேல் கட்டை கிடையாது. இரண்டு சவுக்குக் கம்பம், அவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஒரு கிணற்றுக் கயிறு, அவ்வளவுதான். வலை என்ற பேச்சே இல்லை. பந்து கயிற்றில் பட்டுக் கீழே விழுந்தால் கோல், மேலே எகிறினால் இல்லை. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதை எதிர்த்துப் பேசியவன் முழுப் பல்லோடு வீடு போய்ச் சேர்ந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. வாய்க்கு முன்னால் கை பேசுகிற ஊர் அது. அந்த ஊரிலும் முதலில் நீளுகிற கை யாருடையது என்று கேட்டால், பால் குடிக்கிற பிள்ளைகூடக் கறிக்கடை தஸ்தகீரைத்தான் காட்டும்.

தஸ்தகீர் ஊர் அணியின் கேப்டன். நடு பேக். வெறுங்காலில்தான் ஆடுவான், ஆனால் அவன் கால் பட்ட இடம் ஒரு மாசத்துக்கு நொண்டும். எதிராளியை உதைப்பான், நடுவரை முறைப்பான், தோற்றுவிட்டால் தன் அணிக்காரனையே இரண்டு சாத்து சாத்துவான். அவனைத் திருப்பி அடிக்கக்கூடியவன் ஊரில் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அவன் கோல்கீப்பர் அர்ச்சுனன். கேழ்வரகும் கடலையும் போடுகிற குடியானவன், தஸ்தகீரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அஞ்சாவது வரை படித்தவன். தஸ்தகீர் எல்லை மீறும்போதெல்லாம் பின்னால் வந்து பிடரியில் ஒன்று வைத்து, "போதும் வாடா" என்பான். தஸ்தகீரும் பிடரியைத் தடவிக்கொண்டு போய்விடுவான். ஊரே அதை வேடிக்கை பார்க்கும்.

அறுபத்தாறில் இங்கிலாந்து உலகக் கோப்பையை ஜெயித்தது. லண்டனில் நடந்த ஆட்டத்துக்குப் பாலக்கோட்டில் அடிதடி நடக்கும் என்று யார் கண்டார்கள்? செய்தித்தாளில் வந்த சேதி இவ்வளவுதான். ஜெர்மனியும் இங்கிலாந்தும் ஆளுக்கு இரண்டு கோல், கூடுதல் நேரம் நடக்கிறது. இங்கிலாந்தின் பத்தாம் நம்பர்காரன் அடித்த பந்து மேல்கட்டையில் பட்டு நேராகக் கீழே விழுந்து வெளியே துள்ளிவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் கோல் என்று கையைத் தூக்கினார்கள், ஜெர்மனிக்காரர்கள் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். ரெஃப்ரி ஓடிப்போய் லைன்மேனைக் கேட்டார். லைன்மேன் கோல் என்றான். கோல்தான் என்று தீர்ந்தது. அப்புறம் இன்னொன்றும் அடித்து இங்கிலாந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

சில மாசம் கழித்து அந்த ஆட்டத்தின் செய்திப்படம் டூரிங் டாக்கீசுக்கு வந்தது. என்ன சினிமா என்றுகூடக் கேட்காமல் பந்தாடுகிறவன் எல்லாம் முதல் ஆட்டத்துக்குப் போய் மணலில் உட்கார்ந்தான். திரையில் பந்து கட்டையில் பட்டது, விழுந்தது, துள்ளியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கொட்டகையில் பாதிப் பேர் கோல் என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள்.

தஸ்தகீர் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னான். கயிற்றில் பட்டுக் கீழே விழுந்தால் கோல், அதில் பேச்சே இல்லை என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அர்ச்சுனன் சிரித்தான். "அது கயிறு இல்லடா, கட்டை. கயிறு பந்தை உள்ள வுட்டுரும், கட்டை திருப்பி அடிக்கும். பந்து கோட்டு மேலதான் வுழுந்துச்சு. நான் பாத்தன்."

லைன்மேனே கோல் என்று சொல்லியிருக்கிறான், அவனைவிட இவன் பெரிய ஆளா என்று தஸ்தகீர் கத்தினான். லைன்மேன் ஆயிரம் சொல்லட்டும், பார்த்தது பார்த்ததுதான் என்றான் அர்ச்சுனன். சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். யாரோ யாரையோ தள்ளினார்கள். எப்போதும்போல அர்ச்சுனன் கையை ஓங்கித் தஸ்தகீரின் பிடரியில் ஒன்று வைத்தான். எப்போதும்போல அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குக் கொட்டகையே சிரித்தது, தஸ்தகீரின் கையில் ஒரு கோலி சோடா பாட்டிலும் இருந்தது.

கனத்த பாட்டில் அது. அர்ச்சுனனின் இடது புருவத்தில் இறங்கி உடைந்தது.  அவன் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மணலில் முழங்காலிட்டான். விரல் இடுக்கில் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. உடைந்த பாட்டிலின் கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு தஸ்தகீர் சிலையாக நின்றான். திரையில் அதற்குள் சினிமா ஆரம்பித்து யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்து கேட்டபோது, ஏர்க்கொழு மேல் விழுந்துவிட்டதாக அர்ச்சுனன் சொல்லிவிட்டான். நடந்தது என்னவென்று ஊருக்கே தெரியும். அவன் மனைவி மாதம்மாளின் ஊரான இண்டூருக்கும் தெரியும். அவளுடைய அண்ணன் நஞ்சப்பன் பத்துப் பன்னிரண்டு பேரோடு தடியெடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தான். தஸ்தகீருக்குச் சேதி முன்னாலேயே வந்துவிட்டது. கறி வெட்டுகிற கத்தியைக் கழுவி உள்ளே வைத்தான். கடைக் கதவை அகலத் திறந்துபோட்டு வாசலில் நின்றான். தம்பி சர்தாரை உள்ளே தள்ளித் தாழ் போட்டான். வரட்டும், எலும்பை எண்ணட்டும் என்று நின்றான். அடித்தவன் அடி வாங்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்.

யாரும் வரவில்லை. தலையில் போட்ட கட்டோடு தன் வீட்டு வாசலில் குறுக்கே நின்று அர்ச்சுனன் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். எவனாவது பாய் மேல் கை வைத்தால் தங்கச்சி வீட்டு வாசலை மறந்துவிட வேண்டியதுதான் என்றானாம்.

தஸ்தகீருக்கு ஆறவில்லை. நேரே அர்ச்சுனன் வீட்டுக்குப் போய் எதிரில் நின்றான். அடிடா என்றான். கட்டையோ கல்லோ எது கிடைக்கிறதோ அதை எடுத்து அடி என்று தலையைக் காட்டினான்.

"வாங்க பாய். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான் அர்ச்சுனன்.

அஞ்சாவது வகுப்பிலிருந்து 'டா' போட்டவன் 'ங்க' போட்டுவிட்டான். தஸ்தகீர் வாழ்க்கையில் எத்தனையோ உதை வாங்கியவன். இப்படி ஒன்றை எங்கேயும் வாங்கியதில்லை. அன்றைக்கு அவன் தெருவில் அழுதுகொண்டே போனதை நாலு பேர் பார்த்தார்கள். பார்த்ததாக யாரும் அவனிடம் சொல்லவில்லை, சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்குத் தெம்பு?

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நல்ல தொடைக்கறியாக எடுத்துக்கொண்டு அவனே போவான். மாதம்மாள் வாங்கி, அவன் கண்ணெதிரிலேயே தெரு நாய்க்கு வீசுவாள். அவளைத் தஸ்தகீருக்குப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் சரியாக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான் என்று நினைத்தான். அர்ச்சுனன் மட்டும், எதுக்குங்க பாய் இந்தச் செலவெல்லாம் என்பான். அந்த 'ங்க' மாறவே இல்லை.

அப்புறம் தஸ்தகீர் ஒரு காரியம் செய்தான். சித்தேரி மலையிலிருந்து ஒரு நீளமான கட்டையை லாரியில் ஏற்றிவந்து, கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு, கம்பங்களின் மேல் ஆணி அடித்து இறக்கினான். மறுநாள் காலையிலிருந்து அந்தக் கட்டையைப் பார்த்தே பந்தை உதைத்தான். கட்டை அர்ச்சுனன் சொன்னபடி செய்கிறதா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். பந்து ஒரு தடவை உள்ளே விழுந்தது, ஒரு தடவை வெளியே விழுந்தது, ஒரு தடவை சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே விழுந்து வெள்ளைப்பொடியைக் கிளப்பியது. பெருவிரல் நகம் பெயர்ந்து தொங்கியும் அவன் நிறுத்தவில்லை. கட்டை ஒரு பதிலும் சொல்லவில்லை.

ஆனால் ஊர் அந்தப் பேச்சை விடவில்லை. இங்கிலாந்துக் கட்சி, ஜெர்மனிக் கட்சி என்று இரண்டு கட்சி நிலைத்துவிட்டது. டீக்கடையில் மண்டை உடைந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி பறந்தது. எழுபதில் மெக்சிகோவில் இரண்டு கோல் முன்னால் இருந்த இங்கிலாந்து, அதே ஜெர்மனியிடம் மூன்று வாங்கித் தோற்றபோது ஜெர்மனிக் கட்சிக்காரர்கள் கறிக்கடை முன்னால் வெடி வைத்தார்கள். தஸ்தகீர் அதில் இருவரைப் பிடித்து ஒருவன் தலையை இன்னொருவன் தலையில் மோதினான். அர்ச்சுனன் வந்து ஒரு வார்த்தை கேலி பேசமாட்டானா, பிடரியில் ஒன்று வைக்கமாட்டானா என்று அன்று முழுக்கக் காத்திருந்தான். அர்ச்சுனன் வழியில் பார்த்து, போனது போகட்டுங்க பாய் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருஷம் சுதந்திர தினக் கோப்பையின் கடைசி ஆட்டம் பாலக்கோட்டுக்கும் இண்டூருக்கும். இரண்டு ஊரும் சேர்ந்து ஒத்துக்கொள்கிற லைன்மேன் ஒருத்தன்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாரும் அர்ச்சுனனிடம் போய் நின்றார்கள். ஒரு ஊர் பிறந்த ஊர், ஒரு ஊர் பெண் எடுத்த ஊர். கண்ணைப் பறிகொடுத்தும் வாய் திறக்காதவன் பொய் சொல்லமாட்டான் என்று இரண்டு ஊரும் நம்பின. ஒற்றைக் கண் போதுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவனும் கொடியை வாங்கிக்கொண்டான்.

ஆட்டமா அது? பந்து ஒரு பக்கம் போனது, கால்கள் வேறு பக்கம் போயின. இண்டூர் கேப்டன் நஞ்சப்பன் நாலு வருஷமாக வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்குக் கொண்டுவந்திருந்தான். முதல் மோதலிலேயே தஸ்தகீரின் விலாவில் முழங்காலை ஏற்றினான். தஸ்தகீர் எழுந்து அவன் கணுக்காலை மிதித்தான். சர்தாரின் முன்பல் ஒன்று புல்லில் போய் விழுந்தது. இண்டூர் பேக் ஒருவனுக்குத் தாடை இறங்கிவிட, அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தர்மபுரியிலிருந்து வந்திருந்த ரெஃப்ரி பள்ளிக்கூட வாத்தியார், பாவம், விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கி நின்றார். கோட்டுக்கு வெளியே இரண்டு ஊர்க்காரர்களும் சவுக்குக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஊன்றிக்கொள்ளத்தான் கொண்டுவந்தார்கள் என்று யாரும் நம்பவில்லை.

ஆளுக்கு ஒரு கோல். முடிகிற நேரத்தில் பாலக்கோட்டுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. தஸ்தகீர் தன் இடத்தை விட்டு எதிரி கோல் வாய்க்கே போய்விட்டான். பந்து வருவதற்குள் நஞ்சப்பனின் முழங்கை அவன் மூக்கில் இறங்கியது. அவன் குப்புற விழுந்தான். கன்னம் மண்ணில், கண்ணுக்கு நேரே சுண்ணாம்புக் கோடு. தலைக்கு மேல் சர்தார் உதைத்த பந்து கட்டையில் மோதி டங்கென்று சத்தம் கேட்டது. பந்து நேராகக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டி, ஒரு சாண் உள்ளே. செம்மண்ணில் அது குழித்த வட்டத்தைத் தஸ்தகீர் பார்த்தான். சுண்ணாம்பில் ஒரு பொடி கலையவில்லை. பந்து வெளியே துள்ளியது, இண்டூர்க்காரன் ஒருவன் அதைத் தலையால் முட்டி வெளியே தள்ளினான். அடுத்த நொடி பத்துக் கால்கள் வந்து அந்த வட்டத்தை மிதித்து அழித்துவிட்டன.

சர்தார் கோல் என்று கூவினான். இண்டூர் இல்லை என்று கூவியது. யாரோ யாரையோ அறைந்தார்கள். ரெஃப்ரி லைன்மேனை நோக்கி ஓடினார். லண்டனில் நடந்தது அப்படியே பாலக்கோட்டில் நடக்கிறது என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. 

அர்ச்சுனன் கொடியைத் தூக்கவில்லை. அவன் நின்ற இடத்துக்கு அந்தக் கோல் இடப்பக்கம். கழுத்தைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நான் பாக்கலைங்க சார். எனக்கு அந்தப் பக்கம் கண்ணு இல்ல" என்றான்.

கூட்டம் ஓவென்றது. கட்டைகள் தரையிலிருந்து எழுந்தன. அர்ச்சுனன் அசையவில்லை. மூக்கில் ரத்தம் ஒழுக எழுந்து நின்ற தஸ்தகீரைக் கொடியால் காட்டினான்.

"பாய் அங்கதான் வுழுந்து கெடந்தாரு. என் கண்ணை எடுத்தவரு அவரு. என் கண்ணுக்குப் பதிலா அவரே பாத்ததைச் சொல்லட்டும். அவரு சொல்றபடி நான் கொடி தூக்கறன்."

இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் ரெஃப்ரிக்கு உயிரோடு தர்மபுரி போய்ச் சேர வேண்டும், பழி யார் தலையில் விழுந்தாலும் சரி என்று அவர் தலையாட்டிவிட்டார். சொந்த அணிக்கு எதிராக எந்தக் கேப்டன் சொல்வான் என்று இண்டூர்க்காரர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். பாலக்கோட்டுக்காரர்கள் இப்போதே தோளில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆடத் தயாரானார்கள்.

தஸ்தகீர் அர்ச்சுனனைப் பார்த்தான். மூடிக் குழிந்த அந்த இடது இமையைப் பார்த்தான். நாலு வருஷமாக இவனுக்கு எதைக் கொடுக்கலாம் என்று தேடியவன் அவன். கறி கொடுத்தான், நாய் தின்றது. தலையைக் கொடுத்தான், இவன் தண்ணீர் கொடுத்தான். இன்றைக்கு ஒன்று கையில் இருக்கிறது. அன்றைக்குக் கொட்டகையில் இவன் கோல் இல்லை என்றான். இன்றைக்கு ஊரறிய அந்த வார்த்தையை இவனுக்கே கொடுத்துவிடலாம். கோப்பை போகட்டும், பெயர் போகட்டும்.

"கோல் இல்லைங்க" என்றான் தஸ்தகீர்.

அர்ச்சுனன் கொடியைத் தூக்கிக் குறுக்கே அசைத்தான். ரெஃப்ரி கடைசி விசிலை ஊதினார். ஆட்டம் சமன் என்பதால் தூக்கிப்போட்ட காசு இண்டூர் பக்கம் விழுந்தது, கோப்பை அவர்களுக்குப் போனது.

முதல் அடி சர்தார் கொடுத்தான். கூடப் பிறந்தவனின் கை, அதுவும் தஸ்தகீர் சொல்லிக்கொடுத்த கை, தாடையில் சரியாக விழுந்தது. பிறகு யார் யார் என்று தெரியவில்லை. துரோகி என்றார்கள். எத்தனை வாங்கினாய் என்றார்கள். சவுக்குக் கட்டை முதுகில் இறங்கியது, விலாவில் ஏதோ முறிந்தது. கை விரல்களை யாரோ குதிகாலால் நசுக்கினார்கள். சித்தேரிக் கட்டையைப் பெயர்த்துக் கீழே தள்ளினார்கள். தஸ்தகீர் ஒரு கையைக்கூடத் திருப்பி ஓங்கவில்லை. கொடிக்கம்பைக் கண்டபடி வீசிக்கொண்டு ஒருத்தன் உள்ளே புகுந்து, அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போனது மட்டும் தெரிந்தது.

மைதானத்துக்குப் பின்னால் மாடுகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி. அர்ச்சுனன் அதில் துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தான். மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது.

"நெசமாவே உள்ள போகலீங்களா பாய்?"

தஸ்தகீர் சிரிக்கப் பார்த்தான். வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. "போச்சு. ஒரு சாண் உள்ள. உனக்காகத்தான் இல்லைன்னு சொன்னன்."

துண்டு தொட்டியில் விழுந்தது.  அர்ச்சுனன் கையை மடக்கி, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு, அவன் முகத்தில் குத்தினான். தஸ்தகீரின் பின்மண்டை தொட்டிக் கல்லில் இடித்தது. இன்னொன்று குத்தினான். வந்துவிட்டது, நாலு வருஷமாகக் கேட்டது வந்துவிட்டது என்று தஸ்தகீருக்கு வலியோடு ஒரு சந்தோஷம் பொங்கியது. அர்ச்சுனன் பேசியதும் அது செத்தது.

"டேய், கண்ணு போனதுக்கு உன்ன ஒரு வார்த்தை கேட்டனாடா? இன்னைக்கு ஒரே ஒரு வாட்டி எனக்குக் கண்ணா இருடான்னுதானே கேட்டன். இதையும் குத்திட்டியேடா."

அவன் கொடியை எடுத்துக்கொண்டு எழுந்தான். மைதானத்தில் இண்டூர்க்காரர்கள் நஞ்சப்பனைத் தோளில் தூக்கிக் கோப்பையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்டைகள் இன்னும் கையில்தான் இருந்தன. பாலக்கோட்டுக் கூட்டம் கல் பொறுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றது. அர்ச்சுனன் அவர்கள் நடுவே நேராக நடந்தான். பொய்க்குத் தூக்கிய கொடியைத் திரும்பத் தூக்கப் போகிறான், அது கோல்தான் என்று இரண்டு ஊரிடமும் சொல்லப் போகிறான் என்று தஸ்தகீருக்குப் புரிந்தது. கொன்றுவிடுவார்கள் என்பதும் புரிந்தது.

எழுந்தான். விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு நொண்டி ஓடினான். மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே கத்தி இறங்கியது. அவன் எட்டிப் பிடிப்பதற்குள் அர்ச்சுனன் மைதானத்தின் நடுவில் நின்று, கொடியைத் தலைக்கு மேல் தூக்கி, கோல் என்று உரக்கச் சொல்லிவிட்டான். ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. நஞ்சப்பன் தோளிலிருந்து இறங்கினான்.

தஸ்தகீர் போய் அர்ச்சுனனுடைய இடப்பக்கத்தில் நின்றான். இண்டூர்க்காரன் ஒருவன் எறிந்த முதல் கல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அர்ச்சுனனுக்கு அது தெரியவில்லை. தஸ்தகீர் நசுங்கிய கையை நீட்டினான், கல் மணிக்கட்டில் பட்டு எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

"இடப்பக்கம் இன்னொன்னு வருது, குனிடா" என்றான்.

அர்ச்சுனன் திரும்பிப் பார்க்காமல் குனிந்தான்.